திரும்பி வந்த எண்

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் வதனியைப் போனும் கையுமாக நடு ஹோலில் நிற்கவைத்துவிட்டு நான் போய்விட்டேன் என்று பலருக்குக் கோபம். உன்னிச்சையிலிருந்து ஒரு வாசகர், ரதீஸ்தான் கள்ளன், இதைச் சொல்ல இன்னும் எத்தனை வாரம் இழுக்கப் போகிறீர்கள் என்று கேட்டு எழுதியிருக்கிறார். இருக்கலாம் ஐயா. வதனியும் அந்தச் சனிக்கிழமை காலையில் உங்களைப் போலத்தான் நினைத்தாள்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வதனி ஒரு மின் பொறியியலாளர். தன்னாமுனையில் வாவியைப் பார்த்த வீட்டில் இருந்தபடியே, கொழும்பில் கப்பல் வடிவமைக்கும் ஓர் அலுவலகத்துக்கு வேலை செய்கிறாள். இப்போது அவள் கையில் இருப்பது கடற்படைக் காவல் கப்பல் ஒன்று. எந்த நாட்டுக்கு என்று அவளுக்குச் சொல்லவில்லை. 'திட்டம் கொக்கு' என்பதுதான் அதற்குப் பெயர். இன்னும் ஒரு தகடுகூட வெட்டப்படாத அந்தக் கப்பலுக்கு எவ்வளவு மின்சாரம் தேவைப்படும் என்று முன்கூட்டியே சொல்வது அவள் வேலை. வீட்டிலும் வெளியிலும் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

போனில் வந்தவர் எல்மோ. மட்டக்களப்பு டவுனில் பிறந்து வளர்ந்த பறங்கியர், கொழும்பு அலுவலகத்தில் மின் பகுதிக்குத் தலைவர், வதனியை வேலைக்கு எடுத்தவர். ஜெனரேட்டர் விற்கும் கம்பனி ஒன்றின் ஏஜென்ட் அவரைத் தேடி வந்து, 'ரெண்டாயிரத்து முந்நூறுதானே உங்களுக்கு வேணும்' என்று பல்லைக் காட்டிக்கொண்டு கேட்டானாம்.

"உங்கட எண் வெளிய போயிற்று வதனி," என்றார் எல்மோ. "திங்கக்கிழமை நான் மேல ஒரு பேர் சொல்ல வேணும். வேற பேர் கிடைக்காட்டி உங்கட பேரத்தான் சொல்லுவன். எனக்கு விருப்பமில்ல. ஆனா சொல்லுவன்."

இங்கேதான் போன வாரம் நிறுத்தினேன்.

வதனி போனை வைத்தாள். அழவில்லை, கணக்குப் போட்டாள். அவளுடைய எண் 1,840 கிலோவாட். கப்பல் வரைகிறவர்கள் கிலோவாட்டில் பேசுவார்கள். ஜெனரேட்டர் விற்கிறவனும் வாடகைக்கு விடுகிறவனும் கேவிஏ என்பார்கள். கிலோவாட்டைத் தசம் எட்டால் பிரித்தால் கேவிஏ வந்துவிடும். 1,840 ஐப் பிரித்தாள். 2,300 வந்தது, ஒன்று கூடவுமில்லை குறையவுமில்லை.

இந்தக் குடும்பத்தில் கேவிஏயில் பேசுகிற ஆள் ஒருவன்தான் இருக்கிறான். அவள் புருஷன் ஜெயரூபனின் தம்பி ரதீஸ். செங்கலடிச் சந்தியில் ஜெனரேட்டரும் லைட்டும் வாடகைக்கு விடுகிறவன். கோயில் சடங்குக்கு எவ்வளவு பெரிய மெசின் போடுவது என்று கேட்டுக்கொண்டு போன மாதம் முழுக்க வதனியின் மேசையடியில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தவன். திரையில் அந்த எண் திறந்து கிடந்த நாள் எத்தனை என்று அவளுக்கே தெரியாது.

வதனியின் வேலையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அன்று அவள் செய்த காரியம் விளங்காது.

அது வெறும் கூட்டல் கணக்கு அல்ல. கப்பலில் உள்ள பம்பு, விசிறி, ராடார், குளிரூட்டி, விளக்கு எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு சின்ன ஊருக்குக் காணும். ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை. நங்கூரம் போட்டு நிற்கும்போது ஓடுவது வேறு, பயணத்தில் ஓடுவது வேறு, சண்டைக்கு ஆயத்தமாகும்போது ஓடுவது வேறு. ஆகவே ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு பின்னம் கொடுக்க வேண்டும். விடாமல் ஓடுவதற்கு ஒன்றுக்குக் கிட்ட, எப்போதாவது ஓடுவதற்குத் தசம் ஒன்று, ஓடவே மாட்டாது என்று நம்புவதற்குப் பூச்சியம். அதற்கு மேல், கப்பல் முப்பது வருடம் கடலில் உழைக்கும், இன்றைக்கு இல்லாத கருவிகளையும் நாளைக்கு ஏற்றுவார்கள் என்று கொஞ்சம் மிச்சமும் விட வேண்டும்.

குறைத்துச் சொன்னால் நடுக்கடலில் இருட்டில் நிற்க வேண்டியதுதான். கூட்டிச் சொன்னால் பெரிய பெரிய எஞ்சின்கள் சுமையில்லாமல் ஓடி உள்ளுக்குள் கரி பிடித்துக் கெட்டுப்போகும். சாமானைத் தெரிந்தால் மட்டும் போதாது, அந்தச் சாமானை எந்த மனிதன் எப்போது போடுவான் என்றும் தெரிய வேண்டும்.

மேல்நாட்டு அட்டவணைகளில் கப்பல் சமையலறைக்குத் தசம் நான்கு என்று இருக்கும். காலையில் பாணும் முட்டையும் தின்கிறவர்களுக்கு அது சரி. வதனி அதை வெட்டித் தசம் ஏழு ஆக்கினாள். விடியுமுன் சோறு வேகும், பக்கத்தில் தேங்காய் திருவும் மெசின்கள் ஓடும், தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கும், எல்லாம் ஒன்றாக நடக்கும் என்று எழுதினாள். எல்மோ பார்த்துவிட்டு, வீட்டில் சம்பல் தின்னாத ஆள் போட்ட கணக்கில்லை இது என்று சிரித்து ஒப்புக்கொண்டார். அந்த ஒரு திருத்தத்தில் அவளுக்குத் தனிப் பெருமை.

பிழை வருவது பூச்சியம் போட்ட இடத்தில்தான் என்பது அந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்த விஷயம். ஓடாது என்று விட்டது ஓடும்போதுதான் கப்பல் இருளும்.

அன்று காலை அவள் மனிதர்களுக்கும் பின்னம் போட்டாள். ரதீசுக்குத் தசம் ஒன்பது. புருஷனுக்குப் பூச்சியம்.

பிறகு ஒரு பொறி வைத்தாள். ரதீசின் காதில் ஒரு பொய் எண்ணைப் போடுவது. 1,920. கேவிஏயில் 2,400 ஆக அது கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தால் ஆள் பிடிபட்டான். ஒரு இடத்தையும் பாராமல் விடுவது அவள் பழக்கமில்லை. அதனால் ஜெயரூபனுக்கும் ஒன்று வைத்தாள். 2,000. கேவிஏயில் 2,500. அது திரும்பி வரும் என்று அவள் நினைக்கவில்லை. கட்டின புருஷனுக்கு வலை வைக்கிறோமே என்று வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கத்தோடு வைத்தாள்.

ஜெயரூபன் இரசாயனம் படிப்பிக்கிற வாத்தியார். சனிக்கிழமைகளில் பின் விறாந்தையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவான். அவனுக்குத் தேநீரை வைத்துவிட்டு, தனக்குத்தானே புறுபுறுப்பதுபோல, ராத்திரி பார்த்ததில் கப்பல் கணக்கு ஏறிவிட்டது, இரண்டாயிரத்தில் வந்து நிற்கிறது என்றாள். அவன் தலையை நிமிர்த்தவில்லை. "சரியான தொல்லைதான்," என்று மட்டும் சொன்னான்.

அவள் உடுப்பு மாற்றிக்கொண்டு வந்தபோது அவன் வேலியோரம் நின்று போனில் கதைத்துக்கொண்டிருந்தான். கூடப் படித்த அழகரத்தினத்தோடு. பழைய மாணவர் ஒன்றுகூடல் ஒன்று வைக்கப் போகிறார்களாம், இரண்டு மாதமாக அதே கதைதான். வதனி ஸ்கூட்டியை வெளியே எடுத்தாள். கையைக் காட்டினாள். அவனும் காட்டினான்.

ஏறாவூரைத் தாண்டிச் செங்கலடிக்கு வரும்போது வெயில் ஏறியிருந்தது. ரதீசின் கடை பதுளை வீதியில், சந்திக்குக் கிட்ட. சடங்குக் காலம் என்பதால் கடை வாசலெல்லாம் டியூப் லைட்டும் வயர்ச் சுருளும். இரண்டு பேர் வீதியோரமாக வயரை நீட்டிப் பிடித்து அறுந்த இடம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரதீஸ் மச்சாளைக் கண்டதும் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினான். பக்கத்துக் கடைக்கு ஆள் அனுப்பிப் பிளேன்ரீ எடுப்பித்தான். கதிரையைத் தன் சாரத்தாலேயே துடைத்துப் போட்டான்.

இவ்வளவு மரியாதை எதற்கு என்று வதனிக்குச் சந்தேகமாக இருந்தது. ஐந்து வருடமாக அவன் செய்கிற அதே மரியாதைதான். சந்தேகம் வந்துவிட்டால் பிளேன்ரீயில் சீனி கூடினாலும் குற்றம்.

சடங்குக்கான கணக்கைப் பார்க்கத்தான் வந்தேன் என்று தொடங்கி, இடையில் பொய் எண்ணை நழுவவிட்டாள். தன்னுடைய கப்பல் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுக்கு ஏறிவிட்டது, தலையிடி என்றாள். ரதீஸ் அந்த எண்ணை ஒருமுறை திருப்பிச் சொன்னான். பிறகு விசிலடித்தான். ஏன் திருப்பிச் சொன்னான், மனதில் வைத்துக்கொள்ளவா?

அப்போதுதான் மேசையில் கிடந்த படங்களைக் கண்டாள். பெரிய பெரிய ஜெனரேட்டர்கள், கப்பலின் எஞ்சின் அறையில் வைக்கிறவை. கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் லைட் போடுகிறவனுக்கு இது என்னத்துக்கு? அவள் பார்ப்பதைக் கண்ட ரதீஸ், ஒரு வயர்ச் சுருளை எடுத்து அந்தப் படங்களுக்கு மேலே வைத்தான்.

"அத எடு ரதீஸ்," என்றாள் வதனி.

"சும்மா படம் மச்சாள்."

"ஆரு அனுப்பின? கொழும்பில ஆரோட கதைக்கிறாய்?"

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல மெல்லக் கழன்றது. பொறி வைத்தவள் பொறுமையாக இருந்திருக்க வேண்டும். வதனியால் ஏலவில்லை. எண் வெளியே போனதை, ஏஜென்ட் வந்ததை, 2,300 ஐ, திங்கட்கிழமையை எல்லாம் கொட்டினாள். கேவிஏ என்று பேசுகிறவன் எங்கள் வீட்டில் நீ ஒருவன்தானே என்றாள். வயர் பிடித்தவர்கள் இரண்டு பேரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"மச்சாள் செய்யிறது கப்பல் வேலை எண்டதத் தவிர எங்களுக்கு ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியா," என்றான் ரதீஸ். குரலை உயர்த்தவில்லை. "அண்ணனும் என்னட்டக் கேட்டுப் பாத்தார். கப்பலுக்கு ஜெனரேட்டர் எண்டா எங்கட தொழிலுக்குக் கிட்டத்தானே, எப்பிடி இரிக்கும் எண்டு பாப்பம் எண்டு இன்டர்நெட்டில எடுத்த படம் இது. வேற ஒண்டுமில்ல."

"பொய்," என்றாள் வதனி.

ரதீஸ் உள்ளே போய் ஐஸ் பெட்டியைத் திறந்தான். அதில் காலையில் வாங்கிய மணலை மீன் ஒரு பையில் இருந்தது. இந்தக் குடும்பத்தில் கடல் மீன் சமைப்பதில்லை, வாவியில் பிடிக்கிற இந்த மாதிரி ஆற்று மீன்தான். அது ஏன் என்று முந்திய அத்தியாயங்களைப் படித்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குக் கொஞ்ச நேரத்தில் தெரியவரும். அண்ணனுக்கு வைத்தது, கொண்டு போங்கள் என்று நீட்டினான். வதனி வாங்காமல் ஸ்கூட்டியை எடுத்தாள்.

திரும்பி வரும்போது ஏறாவூர் நெரிசலில் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் நிற்க நேர்ந்தது. நின்ற இடத்தில் புத்தி வேலை செய்யத் தொடங்கியது. அந்த ஏஜென்ட் ஜெனரேட்டர் விற்கிறவன். அவனிடம் யார் எந்த எண்ணைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும், கிலோவாட்டில் கொடுத்தாலும், அவன் வாயிலிருந்து கேவிஏயில்தான் வரும். ரதீஸ்தான் சொன்னான் என்பதற்கு அது என்ன அத்தாட்சி? ஒன்றுமில்லை.

இவ்வளவு படித்தவள், இதைச் செங்கலடிக்குப் போகும்போது யோசித்திருக்கலாம். வரும்போது யோசித்தாள். எனக்கே அவள்மேல் கோபம்தான்.

ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. இருக்கட்டும், 2,400 வரட்டும், அப்போது பார்ப்போம் என்று வைராக்கியமாக இருந்தாள். ஒரு மனிதனைத் தெருவில் வைத்துக் கள்ளன் என்று சொல்லியாயிற்று. இனி அவன் கள்ளனாக இருந்தால்தான் அவளுக்கு நிம்மதி.

சாப்பாட்டுக்குப் பிறகு வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. ரதீசின் சைக்கிள் சத்தம்தான். அவன் வந்தால் யாரையும் கூப்பிடமாட்டான், நேரே பின்னால் வந்து அடுப்படிக்குள் நுழைந்து சட்டியைத் திறந்து பார்ப்பான். அன்று சத்தம் வேலிப் படலையடியில் நின்றது, பிறகு தூரப் போனது. வதனி போய்ப் பார்த்தபோது படலையில் அந்த மீன் பை தொங்கியது.

ரதீஸ் உள்ளே வரவில்லையா என்று ஜெயரூபன் கேட்டான். அவசரமாகப் போகிறானாம் என்றாள். அவன் அவளைக் கொஞ்சம் அதிகமாகவே உற்றுப் பார்த்தான், பிறகு விடைத்தாளுக்குத் திரும்பினான். ஏன் அப்படிப் பார்த்தான்? அவனுக்கும் ஏதோ தெரியுமா? அன்று அந்த வீட்டில் யார் யாரைப் பார்த்தாலும் அதற்கு ஒரு அர்த்தம் இருந்தது.

மீனைக் கழுவும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. ஒரு மீனும் பழுதில்லை. செதில் எடுத்து, குடல் எடுத்து, துப்புரவாக வெட்டித் தந்திருந்தான்.

வாவியில் வெயில் சாயும் நேரம் எல்மோ போன் எடுத்தார். வதனி மேசையில் இருந்த பேனையை ஏன் எடுத்தாள் என்று தெரியவில்லை. எழுத ஒன்றுமில்லை. 2,400 என்று அவர் சொல்வதைக் கேட்கத்தான் காத்திருந்தாள்.

"வதனி, அவன் திரும்பவும் எடுத்தான்," என்றார் எல்மோ. "ரெண்டாயிரத்து ஐந்நூறுக்கு ஏறிட்டாமே எண்டு கேக்கிறான். நீங்க மாத்தினீங்களா?"

வதனி பேனையை மேசையில் வைத்தாள்.

தான் எதையும் மாற்றவில்லை என்று சொன்னாள். இனித் திங்கட்கிழமை வரைக்கும் பொறுக்க ஏலாது என்றார் எல்மோ. காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று என்று எண் வெளியே ஓடிக்கொண்டிருக்கிறது, கொஞ்ச நேரத்தில் திருப்பி எடுக்கிறேன், பெயரோடு இருங்கள் என்று சொல்லி வைத்தார்.

2,500 ஐத் தசம் எட்டால் பெருக்க அவளுக்குக் கணக்கு யந்திரம் தேவைப்படவில்லை. இரண்டாயிரம். விறாந்தையில், தேநீரோடு, வெட்கத்தோடு வைத்த எண். அந்த எண்ணை இந்த உலகத்தில் ஒரே ஒருவனிடம்தான் சொல்லியிருந்தாள்.

பூச்சியம் போட்ட இடம்.

அவளுக்கு முதலில் வந்தது கோபமில்லை. ரதீசின் முகம்தான் வந்தது. பிறகு வேலியோரம் நின்று கையைக் காட்டிய ஜெயரூபன் வந்தான். இரண்டு மாதமாக ஒரு ஒன்றுகூடலைப் பற்றிக் கதைக்க இரண்டு ஆம்பிளைகளுக்கு என்ன இருக்கிறது என்று ஒருநாளாவது யோசித்தாளா?

அடுப்படியில் ஜெயரூபன் தேங்காய் திருவிக்கொண்டிருந்தான். வதனி பின்னேரங்களில் வேலையில் இருப்பதால் புட்டுக்குத் தேங்காய் திருவுவது கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவன் பொறுப்பு. திருவலையில் குந்தியிருந்து ஒரே சீராகத் திருவுவான், ஓட்டுக் கறுப்பு ஒரு துளியும் விழாது. வதனி கதவடியில் நின்றாள்.

"அழகரத்தினம் கொழும்பில என்ன வேல செய்யிறான்?" என்று கேட்டாள்.

கை ஓடிக்கொண்டே இருந்தது. "ஜெனரேட்டர் கொம்பனி ஒண்டில," என்றான்.

"ரெண்டாயிரம் எண்டு அவனுக்குச் சொன்னீங்களா?"

"ஓம்."

அவள் பொய்யை எதிர்பார்த்து வந்திருந்தாள். அதற்கு என்ன சொல்வது என்றுகூட ஆயத்தம் செய்திருந்தாள்.

அவன் தேங்காய்ப் பாதியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு சொல்லத் தொடங்கினான். அவள் திரையில் கண்ட முதல் எண்ணைச் சொன்னதும் அவன்தான், ஆனால் விற்பதற்குச் சொல்லவில்லை, ஒரு சதமும் வாங்கவில்லை. இவ்வளவு மின்சாரம் எடுக்கிற கப்பல் எந்த நாட்டுக்குப் போகும் என்று கேட்கத்தான் சொன்னான். அழகரத்தினம் அந்தத் தொழிலில் இருக்கிறவன், விசாரித்துச் சொல்கிறேன் என்றான். விசாரித்தவன் தன் முதலாளியிடமும் சொல்லிவிட்டான் போலிருக்கிறது. அது இப்போதுதான் விளங்குகிறது என்றான்.

"என்னட்டக் கேட்டிருக்கலாமே," என்றாள் வதனி.

"கேட்டன். ரெண்டு தரம் கேட்டன். கையெழுத்துப் போட்டிரிக்கன், கேக்காதீங்க எண்டு சொன்னாய்." அவன் குரல் அப்போதுதான் கொஞ்சம் உடைந்தது. "பெரியண்ணன் போன அண்டைக்குக் கடல்ல நிண்டது ஆருட கப்பல் எண்டு அம்மா கேட்டுக் கேட்டே செத்துப் போனா. ஒருத்தரும் சொல்லல்ல. இப்ப என்ட வீட்டுக்குள்ளயே ஒரு கப்பல் வளருது. அதுவும் ஆருட எண்டு எனக்குத் தெரியா."

இந்த வீட்டில் கடல் மீன் வராததற்குக் காரணம் அதுதான். மூத்தவர் வலையோடு போனார், படகும் வரவில்லை ஆளும் வரவில்லை. என்ன நடந்தது என்று இன்றுவரை யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. தெரியாத ஒன்றுக்குப் பக்கத்திலேயே இருபது வருடமாகச் சாப்பிட்டு, படுத்து, எழும்பி வருகிறார்கள்.

தன்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டே தனக்குத் தேங்காய் திருவித் தந்திருக்கிறான் என்று நினைத்தபோது வதனிக்கு நெஞ்சு எரிந்தது. தானும் அதே காலையில் அவனுக்கு வலை வைத்துவிட்டுத்தான் தேநீர் கொடுத்தாள் என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது.

"சொல்லு வதனி. அது ஆருட கப்பல்?"

தெரியாது என்ற சொல் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அது பொய்யும் இல்லை. அவளுக்கு யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. வெளிநாட்டுக்குத்தான் இருக்கும், இந்த நாட்டுக் கடற்படைக்கு இராது என்று முதல் கிழமையிலேயே தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வேலையில் இறங்கிவிட்டாள். மாலைதீவுக்காரரும் தேங்காய் தின்கிறவர்கள்தானே என்று நினைத்ததும் அதே கிழமைதான். அப்படி ஒரு நினைப்பு தனக்கு அன்று ஏன் தேவைப்பட்டது என்று அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. கப்பலில் ஆணி வரைக்கும் பார்த்தவள் அந்த ஒரு இடத்தில் பூச்சியம் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

"எனக்கு ஒருத்தரும் சொல்லல்ல," என்றாள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். "ஆனா அந்தக் கப்பல்ட குசினியில தேங்காய் திருவுற மெசின் ரெண்டு இருக்கு. விடியப்பறம் சம்பலுக்கு ரெண்டும் ஒண்டா ஓடும் எண்டு கணக்குப் போட்டது நான்தான்."

ஜெயரூபனின் கை திருவலையில் நின்றது. பாதி திருவிய தேங்காய் கையிலேயே இருந்தது. அவன் அதைக் கீழே வைக்கவும் இல்லை, மேற்கொண்டு திருவவும் இல்லை.

ஹோலில் போன் அடித்தது.

இரண்டு பேருக்கும் அது யார் என்று தெரியும். அவன் அவளை நிமிர்ந்து பார்க்காமல், "எடு," என்றான். "என்ட பேரச் சொல்லு. ரதீசுக்கு ஒண்டும் வரப்படாது."

ரதீசைச் சந்தேகப்பட்டதைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. படலையில் தொங்கிய மீன் பை அவனுக்குச் சொல்லியிருக்கிறது.

வதனி ஹோலுக்குப் போனாள். அவன் பெயரைச் சொன்னால் அவள் வேலை தப்பலாம், அவன் தப்பமாட்டான். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை அவள் பெயர் போகும். காலையில் இருந்த இரண்டு வழியும் அப்படியே இருந்தன. மூன்றாவதாக ஒன்று இருப்பது காலையில் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"பேர் கிடைச்சுதா வதனி?" என்றார் எல்மோ.

"பேர் இருக்கு சேர். அதுக்கு முதல் நீங்க எனக்கு ஒண்டு சொல்லுங்க," என்றாள். அடுப்படியில் திருவலை இன்னும் சத்தமில்லாமல் இருந்தது. "இது ஆருட கப்பல்?"

போனின் அந்தப் பக்கம் இருந்தவருக்குப் பதில் தெரிந்திருந்தது போலும். தெரியாதவர் உடனே தெரியாது என்று சொல்லியிருப்பார். எல்மோ சொல்லவில்லை. அவர் அறைக் கதவை எழுந்து போய்ச் சாத்தும் சத்தம் வதனிக்குக் கேட்டது.